அசனத்துக்கு வர முடியாது

அன்பு ரெஜினாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நீயும் நம் பிள்ளைகளும் சுகந்தானே? போனில் பேசினால் என் இருமலைக் கேட்டுப் பயப்படுவாய், அதனால் எழுதுகிறேன்.

நேற்று டோல்கேட் கடையில் சரக்கு மூட்டையோடு மாடிக்கு ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். லோடுமேன் அறிவு, "இன்னாண்ணே, மூச்சு வாங்குது? குந்து, நான் எட்த்துகினு வரேன்" என்றான். நானும் முதலாளி மாதிரி உட்கார்ந்தே இருந்தேன்.

மாத்திரை இனிமேல் கேட்காதாம். நுரையீரல் மாற்றப் பெயர் கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். கொடுத்தால் ஆஸ்பத்திரி கூப்பிட்டதும் ஓட வேண்டும். கோயில் அசனச் சாப்பாட்டுக்கு ஊருக்கு வர முடியாது. உன் தலையணையைக் கொடுத்தனுப்பு. இங்கே இருப்பது உயரம் போதாமல், படுத்தால் மூச்சு முட்டுகிறது.

நீ சரி என்றால் பெயர் கொடுக்கிறேன். ஆனால் சபையில், சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று மட்டும் ஜெபிக்கச் சொல்லாதே. அதற்கு இன்னொரு வீட்டில் சாவு விழ வேண்டும். அந்த ஜெபத்துக்கு என்னால் ஆமென் சொல்ல முடியாது.

கடைக்கு நேரமாகிவிட்டது.

பொன்சிங்