பதினொரு மணிக்கு எழுந்தேன்

1962 ஆடி, செவ்வாய் இரவு.

கால் வீக்கத்துக்கு மணிக்கொரு தரம் எழுந்து நிற்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். இன்று பதினொரு மணிக்கு ஆபீசில் எழுந்தேன். ஆபீசர் வந்துவிட்டார் என்று நினைத்து ஹாலே எழுந்துவிட்டது. ஹெட்கிளார்க்கும் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். வாசலில் யாரும் இல்லை.

"யார் முதல்ல எழுந்தது?" என்றார். காரணத்தைச் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில ஆபீசர்கிட்ட வந்து சொல்லுங்க."

உட்கார்ந்ததும் பக்கத்து மேஜை சுப்பையா, "நாளைக்கும் எழுந்திருங்க சார். உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு" என்றார், தலை நிமிராமல்.

"நீங்களே எழுந்திருக்கலாமே?"

"ரிட்டயராக ரெண்டு வருஷம்தானே இருக்கு. எனக்கெதுக்கு வம்பு?"

பஸ்ஸில் இடமிருந்தும் ஸ்ரீரங்கம் வரை நின்றுகொண்டே வந்தேன். எனக்கு இன்னும் இருபது வருஷம் இருக்கிறது.