சர்வருக்குள்ளிருந்து கேட்ட நலம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கால் வீக்கம் வற்றியதா?

இணையதளத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அதன் முகவரியைச் சொல்லும் சர்வர் ஒன்று எங்கள் ஆபீசில் இருக்கிறது. ஒரே நேரத்தில் நிறையப் பேர் கேட்டால் பாதிப் பேருக்குப் பதிலே போகாமல் இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர்தான் எதையோ நோண்டிவிட்டார் என்று இரண்டு நாள் அவரை முறைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "எங்கேர்ந்துப்பா டெஸ்ட் பண்றே?"

அப்போதுதான் உறைத்தது: நான் சர்வருக்குள்ளேயே உட்கார்ந்து அதன் நலத்தைக் கேட்டிருக்கிறேன். அது நலம் என்றது. வெளியிலிருந்து கேட்டதும் குட்டு வெளிப்பட்டது. வாசல்காவலுக்கு வைத்த ஃபயர்வால் திணறி, கேள்விகளை உள்ளேயே விடவில்லை.

அதிலிருந்து, ஃபோனில் நீ சொல்லும் "நல்லாருக்கேன்" மேலும் எனக்குச் சந்தேகம். உன் காலை அக்கா போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

பக்கத்து சீட்டுக்காரர் நம்பரை மட்டும் கேட்காதே. நான் நல்லாத்தான் இருக்கேன்.

அவசரத்தில்,
உன் சின்னவன்