ஸ்பிரிட்ஸ் குடித்த அன்று சொன்னது

ஜூன் 4

தங்கச்சிக்கு,

நான் நலம். முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் நன்றாக இரு. கோபம் வேறு, அது வேறு.

பேத்தி கடை திறந்த அன்று நடந்ததற்காக எழுதுகிறேன். ஆரஞ்சு நிறத்தில், குமிழ் குமிழாய், ஐஸ் மிதக்க ஒன்றை நீட்டினாள். "சாப்பாட்டுக்கு முன்னாடி பசியெடுக்க இத்தாலிக்காரங்க குடிக்கிறது பாட்டி. பேரு ஸ்பிரிட்ஸ்" என்றாள். ஊசி போடும்போது பஞ்சில் தொட்டுத் தடவுவார்களே, அதையா குடிக்கிறார்கள் என்று பயந்தேன். வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, அப்புறம் நாக்கோரம் கசப்பு. பொய் சொல்வானேன், இன்னொன்றும் கேட்டு வாங்கினேன்.

அதன் பிறகுதான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, "அம்மாவோட தையல் மிஷின் உனக்கே இருக்கட்டும்டி, போ" என்றேன். அது நான் சொன்னதில்லை. உள்ளே போன மது சொன்னது. செல்லாது.

அம்மா போன கையோடு, நான் குளிக்கப் போன நேரம் பார்த்து நீ மிஷினை வண்டியில் ஏற்றியது எனக்கு மறக்கவில்லை. பச்சைச் சேலை கட்டியிருந்தாய். பழையபடி பேசாமலே இருப்போம்.

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

பச்சை இல்லை, நீலம்.

உன் பிரஷர் மாத்திரைக்குப் பயந்து உன் பேத்தி உன் கிளாஸில் ஒரு சொட்டு மது விடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன். கசப்பு ஆரஞ்சுத் தோல் போட்ட பாகும் சோடாவும்தான். "பாட்டி சும்மாவே ஆடுவாங்க சின்னப் பாட்டி, இது வேறயா?" என்றாள். நிஜச் சரக்கைக் குடித்தவள் நான். அப்படியும் நீ கையைப் பிடித்துச் சொன்னது ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது.

இன்னும் செல்லாது என்றால் சொல். மிஷினை எண்ணெய் போட்டு அனுப்பிவைக்கிறேன்.

உன் தங்கச்சி

ஜூன் 17

அடியே,

பேத்தியைக் கேட்டேன். ஒப்புக்கொண்டாள். இப்போது அவளோடுதான் எனக்குப் பேச்சில்லை.

பச்சைதான். கிளிப்பச்சை.

மிஷினை அனுப்பாதே. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் மிதிக்கவா? ரவிக்கைத் துணி அனுப்புகிறேன். நீயே தைத்து, நீயே எடுத்து வா. கை இறுக்கமாக இருந்தால் சும்மா விடமாட்டேன்.

வெறும் வெந்நீர் குடித்துவிட்டு எழுதுகிறேன். செல்லும்.

உன் அக்கா