வண்டிக்கடியில் சிவப்புச் சொட்டு

நவம்பர் 3, திங்கள்

ஸ்டியரிங் ஆடுகிறது. இங்கே எழுதலாம், வீட்டில் சொல்ல முடியாது. இந்தப் பக்கம் இரண்டு அங்குலம், அந்தப் பக்கம் இரண்டு அங்குலம் சும்மா திரும்புகிறது. அதற்குப் பிறகுதான் சக்கரத்துக்கு விஷயமே தெரிகிறது. தெரிந்ததும் பதறிப்போய் அளவுக்கு மீறித் திரும்புகிறது. ஆபீஸிலிருந்து, ரங்கூன் தாமுவே பகுதியில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு சைக்கிள்காரர், ஒரு பூக்காரம்மா, இரண்டு நாய்கள் என்னைக் கண்டு ஒதுங்கிப்போனார்கள். நாய்கள் ஒதுங்கியதுதான் அவமானம்.

வண்டிக்கு வயது இருபத்தொன்பது. ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த எஸ்யூவி. ஆனால் எங்கள் தெருவில் அதைவிட உயரமான வண்டி கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எழுதினால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள்.

மகள் ஹன்னாவுக்கு டிக்கெட் வந்துவிட்டது. 22ஆம் தேதி, சனிக்கிழமை காலை. ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, மூன்று வருட ஒப்பந்தம். ஏர்போர்ட்டுக்கு நம் வண்டியில்தான் போகிறோம் என்று சாப்பிடும்போது அறிவித்தேன். மகளும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் வண்டியின் முன்பக்கம், அடியில், தரையில் சிவப்பாக நாலைந்து சொட்டு. வெற்றிலை எச்சில்!

கீழ்வீட்டு ஊ தெய்ன் மவுங் வேலைதான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நாள் முழுக்க வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். ரங்கூனில் தூண், படிக்கட்டு, சந்து எல்லாம் சிவப்புதான், அது பழகிப்போன விஷயம். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு அடியில் போய் விழும்படி துப்புவதற்குத் தனித் திறமை வேண்டும். முப்பது வருஷம் பஸ் ஜன்னல் வழியாகத் துப்பிய வாய்க்கு இது ஒரு கஷ்டமா?

நவம்பர் 6, வியாழன்

பத்துச் சொட்டு. அட்டையில் பர்மிய மொழியில் 'இங்கே துப்பாதீர்' என்று எழுதி பம்பரில் கட்டினேன்.

"ஏங்க, அவர் வாயில வெத்தலையவே நான் பாத்ததில்லையே" என்றாள் செலின்.

"நீ பாக்கும்போது துப்புவாரா?"

செலினுக்கு எப்போதும் எதிர்க்கட்சிதான் பிடிக்கும்.

நவம்பர் 8, சனி

செலினை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது ஒரு பள்ளத்தைத் தவிர்க்கப் பார்த்து, அடுத்த பள்ளத்தில் இறங்கி, சாலையோர டீக்கடையின் ஒரு குட்டி நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றோம். நாற்காலியில் யாரும் இல்லை. முப்பது முட்டையில் பதினொன்று உடைந்தது. போதாததற்கு, திருப்பத்தில் ஸ்டியரிங் உறுமவும் செய்தது.

வீட்டு மாடிப்படியில் ஏறியபோதுதான் செலின் வாயைத் திறந்தாள்.

"பொண்ண பிளேன்ல ஏத்தப் போறோமா, ஆஸ்பத்திரியில சேக்கப் போறோமா? பத்தொம்பதாம் தேதி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சரியாகலைன்னா டாக்ஸிக்குச் சொல்லிடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

நான் அப்போதே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஏன் இந்தப் பிடிவாதம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். டாக்ஸியில் போனால் என்ன?

ஜப்பானில் ஹன்னாவுக்குக் குளிர் அடிக்கும். நான் போர்த்திவிட முடியாது. அங்கே மேலாளர் திட்டினால் போய்ச் சண்டை போட முடியாது. அவளுக்காக நான் செய்யக்கூடியதில் மிச்சம் இருப்பது ஏர்போர்ட் வரைக்குமான எட்டு மைல்தான். அதையும் யாரோ ஒரு டிரைவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டிவிட்டுப் போவாரா? முடியாது.

இந்தச் சூட்டோடு, கோவிலிலிருந்து வந்ததும் நேராக ஊ தெய்ன் மவுங்கிடம் போய்க் கேட்டுவிட்டேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். பர்மிய மொழியில் சொன்னதை இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

"ஸயா, நான் வெத்தலைய விட்டு ரெண்டு வருஷமாச்சு. டாக்டர் விடச் சொன்னாரு. இதப் பாருங்க."

சொல்லிவிட்டுப் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். பால் மாதிரி வெள்ளை. ஒரு கறை கிடையாது.

நான் அத்தோடு வந்திருக்கலாம். "பல் புதுசுதான், பழக்கம் பழசாச்சே" என்றேன்.

பல்லை மாட்டிக்கொண்டார். நாற்காலியைத் தூக்கி, என் வண்டிக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஸயா என்று மரியாதையாகக் கூப்பிட்ட மனிதர். மாடியிலிருந்து எல்லாவற்றையும் ஹன்னா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 10, திங்கள்

பதினாறு சொட்டு. வீம்புக்கே செய்கிறார்.

நவம்பர் 12, புதன்

லீவு போட்டுவிட்டு மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் இருக்கும் பீர் முகைதீன் பாயின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். மூன்று தலைமுறையாக ரங்கூன்காரர்கள். அவர் தமிழில் பேசினால் பாதி நட்டு போல்ட்டு, பாதி பர்மிய மொழி. சக்கரத்தைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்.

"அடியில ஆயில் ஏதும் ஒழுகுதா சார்?"

"ஒரு சொட்டு கிடையாது பாய். அடியில சிவப்பா இருக்கும், அது கீழ்வீட்டுக்காரர் துப்புற வெத்தலை எச்சில்."

"அப்ப சரி" என்று, சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் முனைகள் இரண்டையும் மாற்றினார். இரண்டு மணி நேரம். பிறகு ஓட்டிப் பார்க்க வண்டியைப் பின்னால் எடுத்தார். நின்ற இடத்தில், பட்டறைத் தரையில், சிவப்பாக ஏழெட்டுச் சொட்டு.

பாய் இறங்கினார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அந்தக் கீழ்வீட்டுக்காரரு ஒங்க கூடவே வண்டியில வந்தாரா சார்?"

பட்டறையே சிரித்தது. பாய் விரலால் தொட்டு முகர்ந்து, என் மூக்குக்கும் காட்டினார்.

"பவர் ஸ்டியரிங் ஆயில் சார். செகப்பாத்தான் இருக்கும். அந்த டப்பாவத் தொறந்து பாத்தீங்களா எப்பவாவது? காஞ்சு கெடக்கு. உறுமாம என்ன செய்யும்?"

ஆயில் என்றால் கறுப்பு என்பது என் ஐம்பத்தேழு வருட நம்பிக்கை. ஷிப்பிங் ஆபீஸில் பேப்பரைப் பார்த்தே வாழ்ந்தவன் நான். பானெட்டைத் திறந்தால் தண்ணீர் ஊற்றுகிற இடம் மட்டும் தெரியும்.

ஆயில் போகும் ரப்பர் குழாய் ஒரு இடத்தில் தேய்ந்து கசிந்திருக்கிறது. புதுக் குழாய் போட்டு ஆயில் நிரப்பினார். உறுமல் நின்றது. ஆட்டம் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "ஆயிலே இல்லாம ஓட்டியிருக்கீங்க, ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க" என்றார்.

திரும்பி வரும்போது ஸ்டியரிங்கைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அந்த வெள்ளைப் பல்செட்டைத்தான் யோசித்தேன்.

நவம்பர் 13, வியாழன்

விடிவதற்குள் இறங்கிப் போய் அட்டையைக் கழற்றி எடுத்துவந்துவிட்டேன். ஊ தெய்ன் மவுங் அப்போது வெளியே வரவில்லை. மன்னிப்பு கேட்கத்தான் வேண்டும். நாளைக்கு.

நவம்பர் 14, வெள்ளி

நாளைக்கு.

நவம்பர் 15, சனி

மறுபடி சொட்டு! புதுக் குழாய், புது ஆயில், மூன்றாம் நாளே சிவப்பு. ஆட்டமும் குறையவில்லை, கூடியிருக்கிறது.

பாய்க்கு போன் செய்தேன். மவுல்மீனில் மச்சான் வீட்டுக் கல்யாணம், பதினெட்டாம் தேதி ராத்திரிதான் வருவாராம். வேறு பட்டறைக்குப் போனேன். பார்க்காமலே பம்ப், ஸ்டியரிங் பெட்டி எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்றார்கள், சாமான் வர மூன்று வாரம். மூன்று வாரத்தில் என் மகள் ஜப்பானில் யாருக்கோ கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாள்.

செலின் டாக்ஸிக்காரரின் நம்பரை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

ஹன்னா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் தமிழ் பேசினால் எனக்குத் தெரியும், ஏதோ கறாராகச் சொல்லப்போகிறாள். மற்ற நேரமெல்லாம் பர்மிய மொழிதான்.

"அப்பா, அவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். அவர்கிட்ட கேளுங்களேன்."

"கேக்கணும்னா முதல்ல மன்னிப்பு கேக்கணுமே."

"ஆமா" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். மகளாகப் பெற்றேனா, மாமியாராகப் பெற்றேனா தெரியவில்லை.

நவம்பர் 17, திங்கள்

ஆபீஸ் போவதற்கு முன்னால், வாங்கி வைத்த ஒரு தூக்கு மொஹிங்காவை, மீன்குழம்பு நூடுல்ஸை, எடுத்துக்கொண்டு இறங்கினேன். படியில் இரண்டு முறை நின்றேன். மூன்றாவது முறை நிற்க படி இல்லை.

"அண்ணே, தப்பு என்னுது. அது எச்சில் இல்ல, என் வண்டி ஆயில். வயசுல மூத்தவரை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் தூக்கைத் திறந்தார். கிண்ணத்தில் ஊற்றினார். நூடுல்ஸ் முடியும்வரை, பிறகு குழம்பு முடியும்வரை நிதானமாகச் சாப்பிட்டார். நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மொத நாள் சொட்டப் பாத்தப்பவே எனக்குத் தெரியும், பவர் ஆயில்னு."

"தெரியுமா! அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க ஸயா? போர்டுதான வெச்சீங்க."

அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார். ஒரு கோரைப்பாயை எடுத்து வண்டிக்கு அடியில் விரித்தார். அறுபத்தெட்டு வயது.

"ஏறி உக்காருங்க. எஞ்சினைப் போட்டு ஸ்டியரிங்க கொஞ்சமா இந்தப் பக்கம், கொஞ்சமா அந்தப் பக்கம் ஆட்டுங்க. முழுசா திருப்ப வேணாம்."

ஆட்டினேன். அடியிலிருந்து "ம்" என்றார். மறுபடி ஆட்டினேன். "ம்." பிறகு ஒரு சிரிப்பு வந்தது.

"எறங்கி வாங்க. பொண்ண ஆட்டச் சொல்லுங்க. நீங்களே பாருங்க."

ஹன்னா ஏறி உட்கார்ந்தாள். நான் ஆபீஸ் சட்டையோடு அவர் பக்கத்தில் படுத்தேன். அவர் டார்ச்சைக் காட்டினார். ஸ்டியரிங் கம்பி வந்து சேர்கிற இரும்புப் பெட்டி ஒன்று வண்டிச் சட்டத்தோடு நாலு போல்ட்டால் பூட்டியிருக்கவேண்டும். ஒரு போல்ட்டையே காணோம். மீதி மூன்றும் தளர்ந்திருந்தன. ஹன்னா திருப்பினால் முதலில் பெட்டி நகர்கிறது; அது நகர்ந்து முடித்த பிறகுதான் சக்கரத்துக்கு உத்தரவு போகிறது. நகரும்போதெல்லாம் குழாயை உரசுகிறது.

"நூறு கொழா மாத்தினாலும் தேயும். பெட்டிய நகராம பண்ணணும். பழைய போல்ட்ட சும்மா இறுக்கி விட்டுடப் போறாங்க, புதுசா போடச் சொல்லுங்க" என்றார்.

இவ்வளவும் பத்து நிமிடம். நான் பதிமூன்று நாளாகச் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 19, புதன்

கெடு நாள். பாய் பட்டறை திறக்கும்போதே நாங்கள் வாசலில் நின்றோம். நாங்கள் என்றால் நானும் ஊ தெய்ன் மவுங்கும். இடது சீட்டில் உட்கார்ந்து, முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்டலாமா கூடாதா என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். பெரும்பாலும் கூடாது.

பட்டறையில் பாய் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையாலும் கைகுலுக்கினார். "இவர்தானா அந்தக் கீழ்வீட்டுக்காரர்!" அதற்கப்புறம் அவர்கள் இருவரும் என்னைப் பற்றியே பேசிச் சிரித்தார்கள். நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நியாயம்தானே.

நாலு புது போல்ட், இன்னொரு குழாய், ஆயில். மதியம் முடிந்தது. ஒற்றை விரலால் திருப்பினேன். விரல் போன பக்கம் சக்கரமும் போனது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகை என்று சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் செலினை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று. முட்டை வாங்கினோம். ஒன்றும் உடையவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜிலிருந்த நம்பரைக் கிழித்து எடுத்தாள்.

நவம்பர் 20, வியாழன்

தரை காய்ந்திருக்கிறது. நாலு முறை இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

மூட்டை கட்டியாயிற்று. முப்பது கிலோதான் அனுமதி. செலின் இறால் பாலச்சாங் தொக்கு மட்டுமே நாலு கிலோ வைத்திருக்கிறாள். எடுப்பதும் வைப்பதுமாக அம்மாவும் மகளும் மாற்றி மாற்றி அழுதார்கள். நடுவில் கரண்ட் போனது. இருட்டில் நானும் அழுதேன்.

இத்தனை நாள் ஸ்டியரிங், ஸ்டியரிங் என்று ஓடினேன். அது சரியாகும்வரை அவள் எங்கும் போகமாட்டாள் என்று மனதின் ஒரு மூலை நினைத்துக்கொண்டிருந்ததோ என்னவோ. இன்று சரிசெய்வதற்கு எதுவும் மிச்சம் இல்லை.

நவம்பர் 22, சனி

ஆறு மணிக்குக் கிளம்பினோம். சாலை காலியாக இருந்தது. ஹன்னா என் பக்கத்தில், செலின் பின்னால் பெட்டிகளோடு. வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. காய்கறி ஏற்றிய சைக்கா ரிக்ஷா ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு சைக்கிள் தாண்டிப் போனது.

"அப்பா, ஸ்டியரிங்தான் சரியாயிடுச்சே. ஏன் இவ்வளவு மெதுவா போறீங்க?"

"புது போல்ட்டும்மா. கொஞ்சம் பழகட்டும்."

எப்போதும் எதிர்க்கட்சியான செலின், பின்னாலிருந்து "மெதுவாவே போங்க" என்றாள்.

ஏர்போர்ட்டில் ஹன்னா உள்ளே போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை திரும்புகிற இடம்வரை தெரிந்தாள். பிறகு தெரியவில்லை. நாங்கள் கொஞ்ச நேரம் நின்றோம்.

வீடு திரும்பும்போது எல்லா இடத்திலும் நெரிசல், எல்லா சிக்னலிலும் சிவப்பு. போகும்போது ஒரு மணி பத்து நிமிடம். வரும்போது நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டோம்.