மஹர் செயினில் நிக்கல்

சிதம்பரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு, உங்கள் நௌஷீன் எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே ஹாஸ்டலில் நானும், செம்மண்டலத்தில் மாமியும் உங்கள் தங்கச்சி ஷமீமாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். மஸ்கட்டில் உங்கள் நலத்துக்கு ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ செய்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். மாமி எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள். உங்கள் பக்கமோ ரூமில் நாலு பேர், உங்கள் போன் நாலு பேர் கையிலும் புழங்குகிறது. இங்கிருந்து தனியாகக் கூப்பிட்டு “செயின்” என்று நான் ஆரம்பித்தால் உடனே உங்களுக்கு டூட்டி வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். லால்கான் தெரு அஸ்மத் லாத்தாவின் வீட்டுக்காரர் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார். உறையை ஒட்டித்தான் அவரிடம் கொடுக்கிறேன். நீங்களும் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் நல்ல சேதி. ஷமீமாவுக்கு நெல்லிக்குப்பம் மாப்பிள்ளையே முடிவாகிவிட்டது. பையன் அமைதியானவன். மாமிக்கு இரண்டு நாளாகக் கால் தரையில் பாவவில்லை. நகைப் பேச்சும் கூடவே வந்தது. நிக்காஹில் நீங்கள் எனக்குப் போட்ட மஹர் செயினைக் கொடுத்து ஷமீமாவுக்கு ஒரு நெக்லஸாக மாற்றிவிடலாம், அடுத்த லீவில் மகன் உனக்கு வேறு கொண்டுவருவான் என்கிறார்கள். “ஒங் கழுத்துல கெடந்தா என்னா, அவ கழுத்துல கெடந்தா என்னா, ரெண்டும் எம் புள்ளைங்கதான” என்று என் தலையைத் தடவிச் சொன்னார்கள். மஹர் பெண்ணுடைய சொத்து, தரமாட்டேன் என்று சொல்ல மார்க்கத்தில் இடம் இருக்கிறது. வீட்டில் இடம் ஏது? தலையாட்டிவிட்டு வந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் லுஹர் தொழுததும் கடலூரில் கடைக்குப் போகிறோம்.

மச்சான், அந்தச் செயின் தங்கம் இல்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். எங்கள் டிபார்ட்மெண்டுக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்தது. ஒரு பொருளை உள்ளே வைத்தால் எக்ஸ்ரே பாய்ச்சி, அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் காட்டும். நகைக்கடையில் கேரட் பார்ப்பதும் இதே வகைதான், அங்கே சின்னதாக இருக்கும். முதல் நாள் ஞானசேகரன் சார், நிச்சயமாகத் தெரிந்த பொருள் ஒன்றை வையுங்கள், மெஷின் சரியாகச் சொல்கிறதா பார்ப்போம் என்றார். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்தேன். இது என் மஹர், இருபத்திரண்டு கேரட், என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து வாங்கி வந்தது என்று பெருமையாகச் சொல்லிக் கழற்றிக் கொடுத்தேன்.

திரையில் தங்கம் வந்தது. கூடவே செம்பு வந்தது, நிக்கல் வந்தது. நல்ல தங்கத்தில் நிக்கலுக்கு என்ன வேலை? முலாம் பூசுவதற்கு முன்னால் அடியில் போடுகிற பூச்சு அது. சார் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெஷினை இன்னும் சரியாகச் செட் பண்ணவில்லை போலிருக்கிறது என்று சொல்லி அணைக்கப் போனார். பக்கத்தில் இருந்த சுவேதா விவரம் புரியாமல் தன் கம்மலைக் கழற்றி வைத்துவிட்டாள். அதை நல்ல தங்கம் என்று மெஷின் சரியாகச் சொன்னது. அதற்கப்புறம் வகுப்பில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் தனியாகப் போய்க் கொக்கியின் அடியில் அரத்தால் லேசாகத் தேய்த்து மறுபடி வைத்தேன். உள்ளே முழுக்கச் செம்பு. கழுத்தில் ஓயாமல் அரிப்பாக இருக்கிறதே, வேர்க்குரு என்று மாமி பவுடர் போட்டுவிடுவார்களே, அதுவும் இந்த நிக்கலால்தான். இரண்டு வருஷமாகப் புத்தகத்தில் இதைப் படிக்கிறவள், என் கழுத்தை மட்டும் பார்க்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

கடைக்காரன் உங்களை ஏமாற்றிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். யாரென்று தெரியாத அவனுக்கு பத்துவா கொடுத்து எவ்வளவு சபித்தேன் தெரியுமா! போன வெள்ளிக்கிழமை அஸ்மத் லாத்தா சோறு போட்டுக்கொண்டே பழைய கதை சொன்னார். நம் நிக்காஹுக்கு முன்னால் உங்கள் கம்பெனியில் மாசக் கணக்கில் சம்பளம் வராமல், அவர் வீட்டுக்காரரும் நீங்களும் குப்பூஸ் ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுத் தின்றீர்களாம். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் லாத்தா சொன்னார். பில் மஸ்கட்டிலேயே தங்கிவிட்டது என்றீர்கள். பாலீஷுக்குக் கொடுக்காதே, தேய்ந்துவிடும் என்றீர்கள். ஒவ்வொன்றாக நினைவு வந்தது. தெரிந்தேதான் கொண்டுவந்தீர்கள்.

கோபம் வந்தது மச்சான், பொய் சொல்லவில்லை. அரக்குப் பெட்டியில் வைத்து, ஜமாஅத்தார் முன்னால், என் வாப்பா கண்கலங்க வாங்கினாரே அதை. பரங்கிப்பேட்டை முழுக்க, வரதட்சணை, கைக்கூலி என்று ஒரு பைசா வாங்காமல் சொன்ன மஹரையும் போட்ட மாப்பிள்ளை என்று இன்றைக்கும் உங்களைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். உங்களை யார் அஞ்சு பவுன் கேட்டது? கையில் இல்லை, ஒரு வெள்ளி மோதிரம்தான் முடியும் என்று சொல்லியிருந்தால் நான் சம்மதம் சொல்லியிருக்க மாட்டேனா? கைக்கூலி வேண்டாம் என்று சபையில் சொன்ன ஆம்பளைக்கு இதைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை?

சரி, உங்கள் மீதான கோபம் எனக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு நான் என்ன செய்ய? கடை மெஷினும் நிக்கல் என்றுதான் சொல்லப்போகிறது. அப்புறம் மாமி யாரைப் பார்ப்பார்கள்? பெற்ற மகனையா? நான்தான் அசலை விற்றுவிட்டு மாற்றி வைத்தேன் என்பார்கள். வாரம் முழுக்கச் செயினோடு ஹாஸ்டலில் கிடப்பவள் நான். உலோகம், முலாம், பூச்சு என்று பரீட்சை எழுதுகிறவள் நான். கொக்கியில் அரம் போட்ட தடம் வேறு இருக்கிறது. “காலேஜுக்குப் போயி இதத்தான் படிச்சாளா” என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், நான் படித்த படிப்பே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். கடைசி செமஸ்டர் புராஜெக்ட் அத்தோடு நின்றது. நெல்லிக்குப்பம் சம்பந்திகள் முன்னால், திருடி மருமகளாக வாழும் வீடு என்று பேச்சு வேறு.

தொலைத்துவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன். அதுவும் என் தலையில்தான் விடியும். வாப்பாவிடம் சொல்லவும் முடியாது, அவருக்குப் பிரஷர். வெள்ளிக்கிழமைகளில் மாமி வீட்டுக்குப் போகும் கடலூர் பஸ் பு.முட்லூரில் நிற்கும்போது, இறங்கி வாப்பா வீட்டுக்குப் போய்விடு என்று கால் சொல்கிறது. இறங்கி, என்ன காரணம் சொல்வது? பஸ் கிளம்பிவிடுகிறது. முன்னால் போனாலும் முட்டுகிறது, பின்னால் வந்தாலும் முட்டுகிறது. மூச்சு முட்டுகிறது மச்சான்.

புதன்கிழமை.

மூடிவைத்ததை மறுபடி பிரித்தேன். காலையில் மாமி கூப்பிட்டார்கள். பஸ்ஸில் செயினை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு வா, காலம் கெட்டுக்கிடக்கிறது என்றார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மாமி கெட்டவர்கள் இல்லை. நீங்கள் சொன்னால் ஒரு நாள் அழுவார்கள், இரண்டு நாள் உங்களோடு பேசமாட்டார்கள். நான் சொன்னால் நம்பமாட்டார்கள். இவ்வளவுதான் வித்தியாசம்.

இரவு தொழுகையில் ஒரு முடிவுக்கு வந்தேன். என் மஹரை மனசார உங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை, அல்லாஹ் சாட்சி. மறுமையில் அந்தப் பாக்கிக்காக உங்களை நிறுத்திக் கேட்கமாட்டேன். அதைக் கேட்கவோ விடவோ எனக்கு உரிமை இருக்கிறது. மாமியிடம் உண்மை சொல்லும் உரிமை உங்களிடம்தான் இருக்கிறது, அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது.

சனிக்கிழமை இரவு இஷா தொழுகைக்கு அப்புறம் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஸ்பீக்கர் இருந்தாலும் பரவாயில்லை, ரூமில் நாலு பேர் இருந்தாலும் பரவாயில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் இப்படிச் சொல்லுங்கள்: “உம்மா, நௌஷீனோட செயின கடைக்கு எடுத்துட்டுப் போவாதீங்க. ஏன்னு அவளுக்கும் தெரியும்.” அவ்வளவு போதும். அதற்கு மேல் உங்களுக்குக் குரல் வராவிட்டால் மீதியை நான் சொல்லிக்கொள்கிறேன். போன் பக்கத்தில்தான் நிற்பேன்.

அல்லாஹ் உங்கள் நாவை இலேசாக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
நௌஷீன்