ரப்பர் பேண்ட் போட்ட டிஸ்க்

நேற்று மத்தியானம் உன் மனைவி ஸ்டெல்லா கடைக்கு வந்தாள். மஞ்சள் துணிப்பையிலிருந்து உன் வீட்டுக் கம்ப்யூட்டரின் பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. போட்டிருந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. பல வருஷ வெக்கையில் உருகி, தகரத்தோடு ஒட்டிக் கிடந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. அந்த ரப்பர் நாற்றம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

"காப்பி எடுக்கணும்னு அவருதான் ரப்பர் பேண்டு போட்டு பீரோல வெச்சாருண்ணா. வருசக்கணக்கா அப்டியே கெடந்துது, எடுக்கவே இல்ல. இப்ப போட்டுப் பாத்தா டிக்கு டிக்குன்னு சத்தம் வருது. சர்ச்சுல பாப்பாவுக்குப் புதுநன்மை குடுத்த போட்டோல்லாம் அதுலதான் இருக்குது," என்றாள்.

நீ போன ஐப்பசியில் போனாய். சர்க்கரை உன் சிறுநீரகத்தைத் தின்று முடித்த மாதம். அதற்குப் பிறகு அவள் என் கடைக்கு வருவது இதுதான் முதல் தடவை. அலமாரியிலிருந்து காலி டிஸ்க் ஒன்றை எடுத்தேன். பார்த்தால் அதே கம்பெனி, அதே அளவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆயிரம் தடவை செய்த வேலை. "நாளைக்கு வாம்மா, நீயும் கூட இருக்கணும்" என்று அவளை அனுப்பி வைத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்கும் புரியாது. புரியாமல் வைத்திருந்தவன் நான்தான்.

நம் கடையை உனக்கு ஞாபகம் இருக்கும். திருவண்ணாமலை ரோட்டில், வாசலில் நின்றால் ராஜகிரி மலை தெரியும் இடம். மத்தியானமானால் அந்தப் பாறையின் சூடு முழுக்க நம் தகர ஷட்டரில் வந்து உட்காரும். ஷட்டர் இடது பக்கம் சிக்கும். அதனால் நீ இடது, நான் வலது. ஒரே நேரத்தில் தூக்கினால்தான் ஏறும். இரண்டு பேருக்கும் அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

வேலை தெரிந்தவன் நீ. நான் ஃபாரம் நிரப்புவேன், பிரிண்ட் எடுப்பேன், வந்தவர்களிடம் பேசுவேன். மெஷினைத் திறப்பது உன் பொறுப்பு. வகுப்பு எடுப்பதும் நீதான். ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் நீ புத்தகத்தை எடுக்கமாட்டாய், பஸ் ஸ்டாண்டைக் காட்டுவாய்.

"அங்க டைம் கீப்பர் ஒருத்தர் உக்காந்துனு இருக்காரு பாத்தியா? அவரு வண்டி ஓட்டமாட்டாரு, டிக்கெட்டும் கிழிக்கமாட்டாரு. ஆனா அவரு விசிலு அடிக்காம திண்டிவனம் வண்டியும் நகராது, சேத்துப்பட்டு வண்டியும் நகராது. எந்த வண்டி எந்த எடத்துல நிக்கணும், எது மொதல்ல போவணும், எல்லாம் அவரு கையில. அதான் ஆபரேட்டிங் சிஸ்டம்."

"அப்ப யுடிலிட்டின்னா இன்னா சார்?" என்று வல்லத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"கூட்றவங்க, தண்ணி தெளிக்கிறவங்க, பஞ்சர் ஒட்றவரு. அவங்க இல்லன்னாலும் பஸ்ஸு ஓடும். ஒரு வாரம் எல்லாரும் லீவு போட்டா ஸ்டாண்டுல நிக்க முடியாது."

சிரித்துவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பரீட்சைக்கு அதை எழுதி எத்தனை பேர் மார்க் வாங்கினார்களோ தெரியாது.

டிஸ்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் புரோகிராமைப் போட்டுவிட்டு, கட்டம் கட்டமாக நிறம் மாறுவதை டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாய். வீட்டில் உன் சட்டை எங்கே கிடக்கிறது என்று உனக்குத் தெரியாது. மெஷினுக்குள் மட்டும் எல்லாம் அடுக்கி வைத்திருக்க வேண்டும். சி டிரைவில் யாராவது கல்யாணப் பத்திரிகையைச் சேமித்து வைத்தால் உனக்குக் கோபம் வரும். "அது சிஸ்டத்தோட எடம், அங்க போயி ஏன் பாய விரிக்கிற? டி டிரைவ்ல போடு" என்பாய்.

தெரியாமல் அழித்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு நீ சொல்வது ஒன்றே ஒன்றுதான். "அழிச்சது எங்கயும் போவல. பட்டியல்லருந்து பேரு மட்டும்தான் போச்சு. அது மேல வேற எதுனா எழுதுனாத்தான் செத்துது. ஒண்ணும் தொடாம கொண்டாந்தீங்க இல்ல, எடுத்துர்லாம்." சொன்ன மாதிரியே எடுத்தும் கொடுப்பாய்.

கெட்டுப்போகிற டிஸ்கை அப்படியே புது டிஸ்குக்கு மாற்றுகிற புரோகிராமை மட்டும் நீ பயந்துதான் தொடுவாய். அது கேட்பது இரண்டே கேள்வி: எதிலிருந்து, எதற்கு. மாற்றிச் சொல்லிவிட்டால் காலி டிஸ்கின் காலியை எடுத்துக்கொண்டு போய் நிறைந்த டிஸ்கின்மேல் எழுதிவிடும். அதற்குத்தான் உன் சிவப்பு ரப்பர் பேண்ட். கஸ்டமர் டிஸ்கை வாங்கியதும் முதல் வேலையாக அதில் போட்டுவிடுவாய். "ரப்பர் பேண்டு போட்டது அம்மா, போடாதது புள்ள. அம்மாகிட்டருந்து புள்ளைக்குத்தான் பாலு போவணும்" என்பாய்.

அனந்தபுரத்து ஸ்டுடியோக்காரர் டிஸ்க் கொண்டுவந்த நாளுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே அதற்குத்தான்.

ஏழெட்டு கல்யாணம் அதில் இருக்கிறது, டிக் டிக் என்று சத்தம் வருகிறது, சீக்கிரம் மாற்றிக் கொடு என்று கொடுத்துவிட்டுப் போனார். நீ ரப்பர் பேண்டைப் போட்டு, காலி டிஸ்கையும் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாய். அன்றைக்கு ஏதோ வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். கடை கொள்ளாத கூட்டம். ஃபேன் காற்றில் ஃபாரம் எல்லாம் பறந்தது. கைக்கு எட்டியது அந்த ரப்பர் பேண்ட். டிஸ்கிலிருந்து கழற்றி ஃபாரம் கட்டுக்குப் போட்டேன். டிஸ்குகளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஃபாரம் கட்டை வைத்தேன். கூட்டம் குறைந்த பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றித் திரும்பப் போட்டேன். எதில் போட்டேன் என்று பார்க்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

நீ வந்து உட்கார்ந்து கேபிளை மாட்டினாய். "ரப்பர் பேண்டு போட்டதுதானேடா அவரோடது?"

"ஆமா," என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

கொஞ்ச நேரம் ஓடியது. நீ திடீரென்று காதை ரப்பர் பேண்ட் போட்ட டிஸ்கிடம் கொண்டுபோனாய். "இன்னாடா, இதுல டிக்கு டிக்குன்ற சத்தமே வரல?" அந்த வினாடியே எனக்குத் தெரிந்துவிட்டது. எதிரில் அந்த ஃபாரம் கட்டு அவிழ்ந்து கிடந்தது. நீ ஒயரைப் பிடுங்கினாய். டிஸ்கைக் கண்ணுக்கு அருகில் வைத்து, பிறகு தூரத்தில் வைத்து, மறுபடி அருகில் வைத்துப் பார்த்தாய். "ரப்பர் பேண்ட நானே மாத்திப் போட்டுட்டேனா? ஒரு மாசமா எழுத்தே மங்கலா தெரியுதுடா. கண்ணு போச்சு போல எனக்கு," என்றாய்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். முதல் நிமிஷத்தில் சொல்லாததை இரண்டாம் நிமிஷத்தில் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நிமிஷத்தில் ஸ்டுடியோக்காரருக்கு நீயே போன் போட்டுவிட்டாய்.

மூன்று நாள் உட்கார்ந்து, எழுதப்படாமல் மிச்சம் இருந்த பகுதியிலிருந்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்தாய். ஆறு கல்யாணம் வந்தது. வல்லத்துப் பெண்ணுடையது மட்டும் வரவில்லை, பஸ் ஸ்டாண்ட் பாடத்தில் கேள்வி கேட்டாளே, அதே பெண். சில படங்கள் திறந்தன. மேலே பந்தல் தெரியும், கீழே எல்லாம் சாம்பல் நிறம். அந்தக் கல்யாணம் முடிந்த மூன்றாவது வாரம் அவள் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டிருந்தார்.

அவள் வந்து கத்தவில்லை. ஸ்டுடியோக்காரர்தான் தெருவில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். "எங்க நைனா ஒண்ணுலனா இருக்காரா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. என் தப்புதான். கண்ணு சரியா தெரியல, நான்தான் மாத்திப் போட்டுட்டேன்," என்றாய் நீ. நான் உன் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன். பதினான்கு வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரமே நீ விழுப்புரத்துக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தாய். கண்ணைப் பார்த்தவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. மருந்து, ஊசி, கண்ணுக்கு லேசர். மங்கல் ஓரளவு சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஊரெல்லாம் நீ சொன்ன கதை: "அன்னிக்கு அந்த டிஸ்கு போவலன்னா நான் டாக்டருகிட்டயே போயிருக்கமாட்டேன். அதுதான் என்னக் காப்பாத்துச்சு." என் முன்னாலேயே எத்தனை தடவை சொன்னாய். ஒவ்வொரு தடவையும் நான் வாயை மூடிக்கொள்ள அது ஒரு காரணம் ஆனது. இவன் உயிர் பிழைத்ததே என் தப்பால்தான், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நானே என்னைத் தட்டிக் கொடுத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

ஆனால் நீ கடைக்குத் திரும்பவில்லை. "கண்ணு நல்லாத்தானே இருக்குது, வாடா" என்றேன். "வேணாண்டா, என்னை எனக்கே நம்பிக்கை இல்ல. இன்னொரு வீட்டுப் போட்டோவ அழிக்கணுமா?" என்றாய். ரைஸ் மில்லில் எடை மேடைக் கம்ப்யூட்டருக்கு ஆள் கேட்டார்கள், போய்விட்டாய். ஒருநாள் பார்க்க வந்தேன். நெல் லாரி ஒன்று மேடையில் ஏறியது. "ரெண்டே பட்டன்தான். வண்டி ஏறுச்சுன்னா இது, எறங்குச்சுன்னா அது" என்று காட்டிச் சிரித்தாய். அந்த மெஷின் முக்கி முனகிக்கொண்டிருந்தது. பழைய நாளாக இருந்தால் உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று பார்த்து, வேண்டாததை நிறுத்தி, ஐந்து நிமிஷத்தில் சரிசெய்திருப்பாய். நீ அதைத் தொடவில்லை.

உன் வேலையை நான் கற்றுக்கொண்டேன், வேறு வழியில்லாமல். இப்போது யாரும் ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்று கேட்பதில்லை. "ஸ்லோவா இருக்குது", "அப்டேட்டு வந்து எல்லாம் மாறிப்போச்சு", "போன்ல எடமே இல்லன்னு சொல்லுது". இந்த மூன்றுதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை வேண்டாததை அழித்துக் கொடுக்கிறேன். அலுத்துவிட்டது. டிஸ்க் மாற்றும் வேலை வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, தகரத்தில் அச்சிட்ட நம்பரையும் திரையில் தெரியும் நம்பரையும் மூன்று தடவை வாய்விட்டுப் படிக்கிறேன். ரப்பர் பேண்ட் கடையில் வைப்பதே இல்லை.

இன்று ஸ்டெல்லா வந்தாள். இரண்டு டிஸ்கும் மேசையில் இருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாரம், ஃபேன் காற்று, நீ கேட்டது, நான் தலை நிமிராமல் ஆமா என்றது. டாக்டர் கதையையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு சமாதானம் இருந்ததோ என்னவோ, அவள் ரொம்ப நேரம் அந்த உருகிய ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இத காப்பி எடுக்காம வெச்சிருந்தது அதனாலதானாண்ணா? நான்கூட சோம்பேறித்தனம்னு திட்னேன்," என்றாள்.

நான் இரண்டு டிஸ்கிலும் கேபிளை மாட்டினேன்.

"நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா, அவரு உங்கள நல்லா திட்டியிருப்பாரு. திட்டிட்டு, மறுநாளு கடைக்கு வந்திருப்பாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு டிஸ்கைக் கையில் எடுத்தாள். "நம்பரப் படிங்க. நான் பாக்குறேன்," என்றாள். திரையில் இருந்ததை நான் படித்தேன். தகரத்தில் இருந்ததை, ரப்பர் கறையை நகத்தால் சுரண்டிவிட்டு, அவள் படித்தாள். இரண்டும் ஒன்றுதான். தட்டினேன். சரியான டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. வெள்ளை கவுனில் உன் மகள், பக்கத்தில் நீ, கண்ணாடி போட்டுக்கொண்டு. எல்லாம் முழுசாக வந்துவிட்டது.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வல்லத்துக்கும் ஒருநாள் போக வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கப் படம் இல்லை, யார் தப்பு என்பதையாவது சொல்லலாம். இனி ஷட்டரை இறக்க வேண்டும். இடது பக்கம் இன்னும் சிக்கத்தான் செய்கிறது. தினமும் அந்தப் பக்கம் போய் ஒரு தள்ளு, இந்தப் பக்கம் வந்து ஒரு தள்ளு, தோள்பட்டை வலி இப்போது மாத்திரைக்கும் அடங்குவதில்லை. பதினான்கு வருஷமாக நான் தனியாகத் தள்ளுகிறேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் மறுநாளே நீ வந்து அந்தப் பக்கம் பிடித்திருப்பாய்.