பலாக் கதவுக்கு நூறு வயது

4-7-53, சனி
காலையிலிருந்து சாரல். குடை காலேஜிலேயே. நனைந்து வந்தால் வீட்டில் அண்ணன்.

பங்கு வழக்கு விஷயம். மாமா இறந்து ஆறு மாதம். தெற்கு வீட்டை அவர் பதினைந்து வருஷம் முன்பு சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டினார், மாமிக்குத்தான் சேரும். அது பழைய குடும்ப வீடு, மாமா ஓடு மட்டுந்தான் மாற்றினார் என்று அண்ணன் கோர்ட்டில் சொல்லியிருக்கிறான். அப்படியானால் மருமக்கள்வழிப்படி சகோதரி பிள்ளைகளான எங்களுக்குப் பங்கு, மாமி வெளியே. வெள்ளிக்கிழமை கோர்ட் கமிஷனர் வந்து, வீட்டுக்கு எத்தனை வயது என்று மரத்தைப் பார்ப்பாராம்.

"நீ கெமிஸ்ட்ரிக்காரன்லா. உள்ளறைக் கதவு மட்டும் மஞ்சளா நிக்கி. ஒரு வழி பண்ணுடே."

கூசாமல் கேட்டான். எனக்கும் ஒரு பங்கு உண்டு. சரி என்றேன்.

5-7, ஞாயிறு
மாமியை மகள் வீட்டுக்கு, களியக்காவிளைக்கு, அண்ணன் பஸ் ஏற்றிவிட்டான். "பேரனப் பாத்துட்டு மெதுவா வாங்கோ மாமி." சாவி என்னிடம். "வெளக்கு மட்டும் வச்சிரு மக்கா" என்றாள்.

பலா அறுத்த புதுசில் மஞ்சள். வெளிச்சமும் காற்றும் பட்டு அதிலுள்ள சாயச்சத்து மாறி, சிவந்து, கறுக்கும். நறுக்கிய கத்திரிக்காய் கறுக்கிற மாதிரி, ஆனால் வருஷக்கணக்கில். வெளிவாசல் கறுத்தாயிற்று. உள்ளறை இருட்டு, அதுதான் சுணக்கம்.

அவசரப்படுத்த:
சுண்ணாம்புத் தெளிவு
நாள்பட்ட மாட்டு மூத்திரம் (அமோனியா)
துரு ஆணி ஊறிய காடி, கடுக்காய்ச் சாறு – கறுப்புக்கு
விளக்குக் கரி, எண்ணெய்

முடியாதது: மரத்துக்குள் நடப்பது. நூறு வருஷத்தில் உள்ளே இருக்கும் மாவுச்சத்து மாதிரியான பொருளெல்லாம் சிதைந்து மரம் லேசாகும், நொறுங்கும். அது எந்தக் குப்பியிலும் இல்லை. உளியால் ஒரு சீவல் எடுத்தால் என் வண்டவாளம் தெரிந்துவிடும்.

7-7, செவ்வாய்
லீவு, வயிற்றுப்போக்கு என்று. நேற்றும் இன்றும் கதவைச் சாத்திக்கொண்டு வேலை. மூத்திர நாற்றத்தில் நிஜமாகவே வாந்தி. கதவு, நிலை, கீழ்ப்படி, எல்லாவற்றுக்கும் நாலு பூச்சு. முதலில் தேன் நிறம், அப்புறம் கருப்பட்டி. சுண்ணாம்புக் காரம் போக, கதவையும் நிலையையும் புளித்தண்ணீரால் கழுவினேன். விளக்கையும் ஏற்றினேன். தூ.

அண்ணன் தடவிப் பார்த்தான். "பாட்டாவுக்கப் பாட்டா வச்ச கதவுடே இது!" சிரித்தான். நானும் சிரித்தேன்.

இன்டர்மீடியட் படித்த இரண்டு வருஷமும் இந்த வீட்டில்தான் எனக்குச் சோறு.

9-7, வியாழன்
அந்திக்கு மாமி வந்தாள், கூட மகளும். எனக்கு ஒரு பொட்டலம் நேந்திரங்காய் உப்பேரி.

"ஏம் மக்கா, பசு கிசு உள்ள வந்துச்சா? ஒரு வாடை அடிக்கி."

மழை வாடை என்றேன்.

10-7, வெள்ளி
வெயில். கமிஷனர் பத்தரைக்கு வந்தார், வெற்றிலை மென்றுகொண்டு.

உள்ளறைக்குப் போனால் கீழ்ப்படி முழுக்க ரத்தச் சிவப்பு. வெள்ளிக்கிழமை அல்லவா, மகள் குளித்துவிட்டு வந்து படிக்கு மஞ்சள் பூசியிருக்கிறாள். மாமா போனபின் மாமி பூசுவதில்லை. அதனால் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. படியைக் கழுவவும் மறந்திருக்கிறேன். மஞ்சளும் சுண்ணாம்பும்! ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். லாபில் மஞ்சள் தாளை முக்கிக் காட்டிப் பாடம் நடத்துகிறவன் நான்.

மாமி குனிந்து படியைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள். பிறகு என் கையை. நகமெல்லாம் கறுப்பு.

"இதென்ன சிவப்பு?" என்றார் கமிஷனர்.

அண்ணன் முந்திக்கொண்டான். "தம்பிக்கு காலேஜ்ல கெமிஸ்ட்ரிதான். அவன்ட்டயே கேளுங்கோ."

மாமி நான் சொல்வேன் என்று நின்றாள். உண்மையைச் சொல்வேன் என்றுதான் நின்றாள்.

"ரொம்பப் பழைய மரம் சார். அப்படித்தான் சிவக்கும்."

எழுதிக்கொண்டார். உளி எடுக்கவே இல்லை. அவர் வாழ்நாளில் ஆரத்தி கரைத்திருக்கமாட்டார்.

அவர்கள் போனதும் நானும் செருப்பைத் தேடினேன். மாமி இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"கைய நல்லாக் கழுவீட்டு வா மக்கா. சோறு வெக்கேன்."

மூன்று தடவை சோப்புப் போட்டேன். நகக்கறுப்பு போகவில்லை. அந்தக் கையாலேயே பிசைந்து தின்றேன். மறுசோறும் வாங்கினேன்.